அடியில் தங்கிய தண்ணீர்

"நல்லா ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிக்கிறீங்க?"

மெக்கானிக்கின் மகள் ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். ஷெட் வாசலில் கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவர், "ஓடும்போதே பாத்து வெச்சாத்தான் நடுரோட்ல நிக்காதும்மா" என்றார். அவள் அதோடு விடவில்லை. "பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறம் ஓடலேன்னா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். அவர் சிரித்தார். சிரித்தபடியே அடுத்த நட்டைத் திருகினார்.

இப்போது அவள் ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊரில், இரண்டு மாதக் குழந்தையோடு இருக்கிறாள். பேரனின் முகத்தை அவர் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை கிளம்புவதற்குப் பத்து நாள் லீவு சொல்லி, அதுவும் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான், பிரித்து மாட்டிய வண்டி ஒன்று ஓடாமல் நின்றது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா லாரிக்கும் செய்கிற வழக்கமான சர்வீஸ். முந்தின நாள் ஆயில் மாற்றினார், கிரீஸ் வைத்தார், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். விடிந்தும் விடியாமலும் வந்து டீசல் ஃபில்டரைப் புதிதாக மாட்டி, ஏழு மணிக்கு வண்டியை அனுப்பிவைத்தார். எட்டே முக்காலுக்கு போன் வந்தது.

"அண்ணே, வண்டி படுத்துருச்சு!"

பேசியவன் அந்த லாரியின் டிரைவர். குரலைக் கேட்டு, லாரி கம்பெனியில் அவனுக்கு ஹாரன் என்று பேர் வைத்துவிட்டார்கள். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் அவனோடு பேச முடியும்.

"எங்கப்பா?"

"குஞ்சு பொரிக்கிற பண்ணையிலதான். லோடு ஏத்தியாச்சு, மூவாயிரம் குஞ்சு. இன்ஜின் ஓடுனாத்தானே உள்ள ஃபேன் ஓடும்? வெயில் வேற ஏறுது. அவிஞ்சு போயிரும்ணே."

"என்ன பண்ணுது?"

"செல்ஃப் நல்லா அடிக்குது, பிடிக்கத்தான் மாட்டேங்குது. வரும்போதே கெழவன் மாதிரி இருமிக்கிட்டுத்தான் வந்துச்சு. வெள்ளைப் புகை வேற. லோடு ஏத்த ஆஃப் பண்ணேன், அவ்வளவுதான்."

ஃபில்டர் மாற்றிய வண்டி இப்படி நின்றால் டீசல் பைப்பில் காற்றுப் புகுந்திருக்கும். அதை ஏர் லாக் என்பார்கள். காற்றை வெளியே எடுத்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். அவர் ஸ்பானர் பையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து, தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் மாதிரித்தான் எழுந்திருக்கிறார். வண்டியைக் கிளப்பும்போதே முட்டி இரண்டும் 'இன்றைக்கும் உண்டா' என்று கேட்டன.

பண்ணையின் முற்றத்தில் லாரி நின்றது. பின்கதவு இரண்டும் திறந்திருந்தன. உள்ளே தளம் முதல் கூரை வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகளின் ஓட்டைகள் வழியாக மூவாயிரம் குஞ்சுகளின் சத்தம், தகரக் கூரையில் மழை விழுவது போலக் கேட்டது. பண்ணை ஆட்கள் நான்கு பேர் கதவருகே நின்று, பெட்டி மூடிகளால் உள்ளே விசிறிக்கொண்டிருந்தார்கள். பண்ணையின் சூப்பர்வைசர், வியர்த்த முகத்தோடு ஓர் அம்மாள், மெக்கானிக்கைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாங்க. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். இந்தச் சத்தம் கேக்குதுல்ல? அது கொறைய ஆரம்பிச்சா அப்புறம் நீங்க வண்டியை எடுத்தும் பிரயோஜனம் இல்ல."

"திரும்ப எறக்கி உள்ள வெக்க முடியாதாம்மா?"

"எறக்கி அடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். உள்ள அடுத்த பேட்ச்சு பொரிச்சுக் கெடக்கு. எங்க வெக்கச் சொல்றீங்க, என் தலையிலயா?"

மெக்கானிக் லாரியின் முன்பக்கம் போனார். இன்ஜின் மூடியைத் தூக்கினார். ஃபில்டரின் தலையில் இருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். காற்று இருந்தால் நுரை வரும். நுரை வரவில்லை. மெல்லிசாக, குளிர்ச்சியாக ஏதோ விரலில் வழிந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். டீசல் வழுக்கும். இது வழுக்கவில்லை.

காலையில் தன் கையால் மாட்டிய ஃபில்டரைத் தன் கையாலேயே கழற்றி, அதில் இருந்ததை ஒரு காலி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே மஞ்சளாக டீசல். அதன் அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் கலங்கலாகத் தண்ணீர்.

"தண்ணி" என்றார் தனக்குத்தானே.

"தண்ணியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மேனேஜர் வந்துவிட்டார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிடுவதால், அவர் இல்லாத இடத்தில் கம்பெனி முழுவதற்கும் அவர் மச்சான்தான். கெட்ட மனிதர் இல்லை. ஆறு லாரியையும், அதற்கு வேலை கொடுக்கும் நான்கு பண்ணைகளையும், ஒரு நாளும் திருப்திப்படாத ஓர் அக்காள் புருஷனையும் ஒரே ஆளாகக் கட்டி மேய்க்கிறவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பொறுமை காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பிறகு ஹாரனைப் பார்த்தார்.

"எத்தனை லிட்டர் வித்தே?"

"சார்?"

"நடிக்காதே. டீசலை உறிஞ்சி வித்துட்டு, மீட்டர் முள் கொறையாம இருக்கத் தண்ணிய ஊத்தறது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் இதே வேலையைத்தான் பண்ணான். அவனை எப்படி அனுப்புனேன்னு உனக்குத் தெரியும்ல?"

"ஐயோ சார், என் பொண்ணு மேல சத்தியமா..."

"புள்ளைய எதுக்குய்யா இதுல இழுக்கற? தண்ணி கண்ணு முன்னாடி நிக்குது."

ஹாரன் மெக்கானிக் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. எட்டு வருஷமா பாக்கறீங்க. நான் அப்படிப்பட்ட ஆளா?"

மெக்கானிக் ஃபில்டர் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல வண்டிய எடுப்போம்" என்றார். சத்தம் குறையும் முன் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை அவர் செலவழிக்கவில்லை. டேங்கில் தண்ணீர் வேறு எப்படி வரும் என்று அவருக்கும் தோன்றியதுதான் காரணம். களைத்துப்போன மனது முதலில் கிடைத்த பதிலின் மேல் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து இன்னொன்றைத் தேடாது.

"லோடை எறக்கிட்டு வந்து சாவியை ஆபீஸ்ல குடுத்துரு" என்றார் மேனேஜர். "நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரி சார்."

அவன் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. விசிறிக்கொண்டிருந்த ஆட்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி விசிறினார்கள்.

டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி, அதில் வந்த டீசலை இன்னொரு பாட்டிலில் பிடித்து மூடிப் பையில் போட்டார் மெக்கானிக். எதற்கு என்று யோசித்துச் செய்ததல்ல, பழக்கம். பிறகு ஃபில்டரைக் கவிழ்த்து, உதறி, துடைத்து மாட்டினார். கைப்பம்பை அமுக்கி அமுக்கித் தோள்பட்டை கழன்றது. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களுக்குப் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, "அடி" என்றார். ஹாரன் உள்ளேயிருந்து செல்ஃபை அடித்தான். முதலில் வெள்ளையாக ஏதோ துப்பியது. பிறகு நுரை. பிறகு சுத்தமாக டீசல் பீச்சியது. இறுக்கினார். "கடவுளே, அந்தச் சின்ன உசுருங்களுக்காகவாவது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, "இப்ப அடி" என்றார்.

இன்ஜின் நான்கு முறை தும்மியது. வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. அடுத்த நிமிடம் வண்டி ஒரே சீராக ஓடியது, உள்ளே ஃபேன்கள் சுழன்றன.

சூப்பர்வைசர் அம்மாள் பெட்டி ஒன்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். ஹாரன் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தான். எப்போதும் வாசலைத் தாண்டும்போது கையை வெளியே நீட்டி ஆட்டுவான். அன்று நீட்டவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியபோது பன்னிரண்டு மணி. பையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, டப்பாவில் கொண்டு வந்திருந்த சோற்றைத் திறந்து பார்த்து மூடினார். தானே சமைத்தது. திறந்து பார்க்கிற அளவுக்குத்தான் அதில் சுவாரசியம்.

ஒரு மணி வாக்கில் ஜன்னல் பக்கம் பார்த்தார். முதல் பாட்டிலில் டீசலும் தண்ணீரும் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றன. இரண்டாவது பாட்டில், டேங்கிலிருந்து பிடித்தது, மேலிருந்து அடிவரை ஒரே மஞ்சள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அவர் எழுந்து போய் அதைத் தலைகீழாகப் பிடித்தார், குலுக்கினார், மறுபடி வைத்துக் காத்திருந்தார். எத்தனை முறை பார்த்தாலும் அது டீசல்தான்.

டேங்கில் தண்ணீர் இல்லை. அப்படியானால் ஹாரன் ஒன்றும் செய்யவில்லை. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது ஃபில்டர் ஒன்றுதான். அது இன்று காலைதான் அட்டையிலிருந்து பிரித்த புது ஃபில்டர். காற்றுப் புகாமல் இருக்க, மாட்டுவதற்கு முன் அதை டீசலால் நிரப்பியது அவரே. பேரலிலிருந்து டப்பாவில் பிடித்து, டப்பாவிலிருந்து ஃபில்டரில்.

டப்பா. அவர் மெல்ல மூலைக்குப் போனார்.

பன்னிரண்டு வருடமாகப் புழங்குகிற தகர டப்பா அது. கைப்பிடி வைத்தது, வாய் குறுகியது. வெளிப்புறம் கரி பிடித்துத் தார் பூசிய மாதிரி இருக்கும். இன்று அது வெள்ளி மாதிரி மின்னியது. காலையில் மூலை பல்பு எரியவில்லை. கை போன போக்கில் எடுத்தார். எடுத்தபோது அடியில் ஏதோ தளும்பியதும் கையில் தட்டுப்பட்டது. அது அவருக்குப் புதிதில்லை. எப்போதும் டப்பாவின் அடியில் கொஞ்சம் டீசல் மிச்சம் கிடக்கும், அதன் மேலேயே பிடித்துக்கொள்வார். மிச்சம் என்று நினைத்துத்தான் இன்றும் பிடித்தார்.

மூடியைத் திறந்து முகர்ந்தார். டீசல் வாடைக்கு அடியில் சோப்பு வாடை அடித்தது. உள்ளங்கையில் கவிழ்த்தார். டீசலோடு சேர்ந்து நான்கைந்து தண்ணீர்ச் சொட்டுகள் உருண்டு வந்தன. ஒன்றில் குட்டி நுரை இருந்தது.

யாரோ நல்லெண்ணத்தில் கழுவியிருக்கிறார்கள். கழுவி, அழகாக மூடியும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர் அப்போதுதான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார், முதல்முறை வருகிறவர் போல. மேசை மேல் அவருடைய டீ கிளாஸ் ஒரு காகிதத்தின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கை துடைக்கும் துணிகள் துவைத்து, மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. நேற்றும் இப்படித்தான் இருந்தனவா? போன வாரம்? யோசித்தால், மனைவி போனதிலிருந்தே காலையில் வந்தால் கிளாஸ் சுத்தமாகத்தான் இருக்கிறது. சுத்தமாக இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? அழுக்காக இருந்தால்தான் கண்ணில் படும். துக்கத்தில் இருக்கிறவனுக்கு இன்னும் மோசம். உலகம் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே, யாரோ கழுவி வைத்த கிளாஸில் டீ குடிப்பான்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டிலை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. எடுத்துப் பேரலில் ஊற்றிவிட்டால், காலையில் முடிந்த கதை முடிந்ததுதான். சொன்னால் முதலில் லீவு போகும் என்று அவருக்குத் தெரியும். பேரனின் முகம் போனிலேயே இருக்கும். வேலையும் போகலாம். இந்த வயதில் வேறு எவன் ஷெட்டில் போய் நிற்பது?

அரைமணி நேரம் அப்படியே இருந்தார். பெரிய தர்ம நியாயம் ஒன்றும் அவர் மனதில் ஓடவில்லை. ஹாரன் காலையில் திரும்பி, 'நீங்க சொல்லுங்கண்ணே' என்று பார்த்த பார்வைதான் மறுபடி மறுபடி வந்தது. கடவுள் சில சமயம் மனிதர்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறார். அதற்கு முதுகைக் காட்டி உட்கார முடியாது.

ஐந்தரை மணிக்கு இரவுக் காவலுக்கு வாட்ச்மேன் வந்தார். அறுபத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. அவர் ஆறு மணிக்கு வந்தால் போதும். ஆனாலும் அரைமணி முன்னதாகத்தான் வருவார். இத்தனை வருடத்தில் மெக்கானிக்கும் அவரும் "வரேன்" "சரி" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

அன்று வாட்ச்மேன் ஷெட் வாசலில் தயங்கி நின்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"தம்பி, டப்பாவைப் பாத்தீங்களா?"

மெக்கானிக் நிமிர்ந்தார்.

"நீங்கதான் கழுவுனீங்களாண்ணே?"

"நேத்து ராத்திரி தூக்கம் வரல. எத்தனை நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், கரிச்சட்டி மாதிரி. சாம்பல் போட்டுத் தேச்சேன், அப்புறம் சோப்பு. வாய் சின்னதா, உள்ள கை போகல. தண்ணிய ஊத்திக் குலுக்கிக் குலுக்கியே கை விட்டுப் போச்சு." அவர் சிரித்தார். "என் வீட்டுக்காரி பாத்தா சிரிப்பா. வீட்ல ஒரு தட்டைக் கழுவ மாட்டேன்."

"கிளாஸு, துணி எல்லாமும் நீங்கதானா?"

வாட்ச்மேன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். "அது என்ன பெரிய வேலை? உங்க வீட்டம்மா போன புதுசுல, கிளாஸு கழுவாம பூசணம் பூத்துக் கெடந்துச்சு. பாக்கப் பொறுக்கல. நமக்கும் பொழுது போகணும்ல தம்பி. ராத்திரி ரொம்ப நீளம்."

மெக்கானிக் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லவும் மனம் இல்லை, உண்மையைச் சொல்லவும் மனம் இல்லை.

"நல்லா மின்னுதுண்ணே" என்றார் கடைசியில். "பன்னெண்டு வருஷத்துல அது இப்படி மின்னி நான் பாத்ததே இல்ல."

வாட்ச்மேன் நிம்மதியாக, வாசலருகே இருந்த தன் காவல் கூண்டுக்குப் போனார்.

ஆறு மணிக்கு லாரி வந்தது. ஹாரன் இறங்கி, சாவியைக் கையில் பிடித்தபடி ஆபீஸை நோக்கி நடந்தான். மெக்கானிக் இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு அவனை முந்தினார். முட்டி வலித்தது. இருந்தும் முந்தினார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன மெக்கானிக், பாட்டிலும் கையுமா?"

"சார், இது ஃபில்டர்ல இருந்தது. இது டேங்குல இருந்தது. காலையிலேயே பிடிச்சு வெச்சேன். டேங்குல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

மேனேஜர் இரண்டையும் மேசை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ?"

"ஃபில்டரை ரொப்புனது நான். டப்பாவுல தண்ணி இருந்துச்சு. கவுத்துப் பாக்காம அதுலயே டீசலைப் பிடிச்சு ஊத்திட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல சார்."

வாசலில் நின்ற ஹாரன் சாவியைப் பிடித்த பிடியிலேயே நின்றான்.

"டப்பாவுக்குள்ள தண்ணி எப்படிய்யா வந்துச்சு? யாரு ஊத்துனா?"

"டப்பா என் பொறுப்பு சார். யாரு தொட்டாலும் தொடாட்டியும், ஊத்தறதுக்கு முன்னாடி கவுத்துப் பாக்க வேண்டியது நான். நான் பாக்கல. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல."

"முப்பது வருஷ சர்வீஸு! நேத்து வந்தவன்கூட இதைப் பண்ண மாட்டான்."

"ஆமா சார்."

"ஆமா சாராம்." மேனேஜர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். "குஞ்சு பதினோரு உருப்படி போச்சாம். வழக்கமா போறதுதான்னு அந்தம்மா சொன்னதால தப்பிச்சீங்க. சும்மா விட்டா முதலாளி என்னைக் கேப்பாரு. பத்து நாள் லீவு கேட்டிருந்தீங்கல்ல? அஞ்சு நாள்தான். இன்னொரு வாட்டி நடந்தா என்கிட்ட வராதீங்க, நேரா வீட்டுக்குப் போங்க."

போகவும் வரவும் நான்கு நாள். கையில் மிஞ்சுவது ஒரு நாள். மெக்கானிக் அதை மனதில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, "சரி சார்" என்றார். "அந்த டப்பாவை இனிமே அலமாரியில பூட்டி வெச்சுக்கறேன். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"என்னமோ பண்ணுங்க." மேனேஜர் வாசல் பக்கம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அது. கொஞ்ச நேரம் தடுமாறியது. "டேய், சாவியை எதுக்குடா கையில வெச்சுக்கிட்டு நிக்கற? உன் பாக்கெட்ல போடு. நாளைக்கு ஆறு மணிக்கு லோடு."

வெளியே வந்ததும் ஹாரன் மெக்கானிக்கோடு நடந்தான். பத்தடி வரை ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய தூரம்.

"காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே."

"சொல்லியிருக்கணும். உன் மேல சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கோப்பா."

"வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டே போனேன். குஞ்சுங்க பூரா கேட்டுச்சு. போற எடத்துல போய் அதுங்க என்ன பேசப்போகுதோ."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவோ நாளானதால் இருமல் மாதிரித்தான் வந்தது.

"சரி, டப்பாவுல தண்ணிய யாருண்ணே ஊத்துனது?"

"உன் வேலையைப் பாரு. வீட்டுக்குப் போ, புள்ள தேடும்."

"இப்பவே வீட்டுக்காரிகிட்ட சொல்லணும். வேலை போச்சுன்னு மத்தியானமே போன்ல அழுதுட்டேன்" என்றான் ஹாரன். தெருமுனை போவதற்குள் அவன் குரல் பழையபடி ஊருக்கே கேட்டது.

மறுநாள் மதியம் ஷெட்டில் யாரும் இல்லை. லாரிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. மேனேஜர் பண்ணைக்குப் போயிருந்தார். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிய மெக்கானிக், அந்த மூலை வெறிச்சென்று இருப்பதைப் பார்த்தார். ராத்திரி வந்து பார்க்கிற வாட்ச்மேனுக்கு அது எப்படித் தெரியும்? தன் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதானே? ஆயில் வடிக்கிற தகரத் தட்டு ஒன்று வெளியே கிடந்தது. அதில் தண்ணீர் தங்கினாலும் யாருக்கும் கேடில்லை. அதை எடுத்து வந்து டப்பா இருந்த இடத்தில் வைத்தார். நல்ல கரி பிடித்த தட்டு. தேய்த்துக் கழுவ ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பிறகு, எதை வைத்துக் கழுவுகிறார் என்று பார்க்கத் தோன்றியது. வாட்ச்மேன் கூண்டுக்கு அவர் போனதே இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பம், ஒரு சோப்புத் துண்டு, ஒரு தகர வாளி. வாளியின் மரக் கைப்பிடி எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் வெறும் கம்பி, அதன் மேல் சுற்றிய ஒரு கந்தல். கந்தலில் துருவின் சிவப்பு ஏறியிருந்தது. குழாய் இருப்பது லாரி நிறுத்தும் மைதானத்தின் அந்தக் கோடியில், நூற்றைம்பது அடி தூரம். தினமும் இந்தக் கம்பியைப் பிடித்துத்தான் தண்ணீர் வந்திருக்கிறது, ஒரு கிளாஸ் கழுவ, இரண்டு துணி அலச. பதினோரு மாதம்.

அவர் வாளியை ஷெட்டுக்கு எடுத்து வந்தார். கழற்றிப் போட்ட டீசல் ஹோஸ் ஒன்றிலிருந்து ஒரு சாண் அளவு அறுத்தார். தடித்த, நல்ல ரப்பர். சோப்புப் போட்டு ஒருமுறை கழுவினார், முகர்ந்தார். வாடை இருந்தது. மறுபடி கழுவினார். மூன்றாவது முறை உள்ளே துணியைத் திணித்து இழுத்து, வெயிலில் காயவைத்தார். காய்கிற நேரத்தில் கம்பியின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, கோணலைச் சுத்தியால் நிமிர்த்தி, வாளியில் கம்பி மாட்டும் காதுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டார். கம்பியின் ஒரு முனையை நிமிர்த்திக் கழற்றி, ரப்பரை அதில் ஏற்றி, முனையை மறுபடி வளைத்து, கையைக் குத்தாதபடி உள்பக்கமாக மடக்கினார்.

வாளியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் விளிம்பு வரை நிரப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு நூற்றைம்பது அடியும் நடந்தார், கை மாற்றாமல். கூண்டுக்கு வந்து இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கோடு ஒன்றும் விழவில்லை.

தண்ணீரைக் கூண்டுக்கு வெளியே நின்ற செடிக்கு ஊற்றினார். வாளியைத் துடைத்து, துடைப்பத்துக்கும் சோப்புத் துண்டுக்கும் பக்கத்தில், எடுத்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.